மண்ணறிந்த ஆசிரியர்கள்

பசிபிக் மாகடலின் நடுவே, அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் ஹவாய்த் தீவுகள் அமைந்துள்ளன. மலர்மாலைக்கும் ஆடலுக்கும் கடற்கரைக்கும் பெயர்பெற்ற இடமென்றே உலகோர் பலரும் அவற்றை அறிவர். கல்வியில் கருத்துடையோர் இத்தீவுகளை உற்று நோக்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. தொண்ணூறு ஆண்டுக் காலம் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்த தம் மொழியையும் பண்பாட்டையும் அங்குள்ள மக்கள் மீண்டும் வகுப்பறைக்குள் கொண்டுவந்திருக்கின்றனர். அம்முயற்சியில் அவர்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. சட்டம் இயற்றிவிடலாம், பாடநூல் அச்சிட்டுவிடலாம், அவற்றுக்கு உயிர் கொடுக்கும் ஆசிரியரை உருவாக்குவதே எல்லாவற்றினும் அரிய பணி என்பதே அது. அவ்வாசிரியர் எவ்வாறு உருவாக்கப்படுகின்றார் என்பதை இங்கே காண்போம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இப்பொருளில் தனி அக்கறை இருத்தல் இயல்பே. நம் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று நம் குழந்தைகள் வளர்கின்றனர். மொழி ஒரு தலைமுறையில் எவ்வாறு நழுவுகிறது என்பதை நாம் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை.

எழுத்தறிவு பரவிய வரலாறு

ஹவாய் மக்கள் பொலினீசிய இனத்தைச் சேர்ந்தவர்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், விண்மீன்களையும் அலைகளையும் துணைகொண்டு, படகுகளில் கடல் கடந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய அறிவுச் செல்வம் முழுவதும் வாய்மொழியாகவே வழங்கி வந்தது. 1820-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிறித்தவப் பாதிரிமார் வந்தனர். 1822-இல் ஹவாய் மொழியில் முதற்பாடநூல் அச்சாயிற்று. அரசரும் குடிகளும் எழுத்தை ஆர்வத்துடன் ஏற்றனர். 1831-இல் மௌயி தீவில் லஹைனாலூனா என்னுமிடத்தில் தோன்றிய பள்ளியின் தலையாய நோக்கங்களுள் ஒன்று உள்நாட்டு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதாகும். அத்தீவுகளின் முதற் செய்தித்தாள் 1834-இல் அப்பள்ளியிலிருந்தே வெளிவந்தது. அது முதல் 1948 வரை, சிறியனவும் பெரியனவுமாக ஏறத்தாழ நூறு இதழ்கள் ஹவாய் மொழியில் நடைபெற்றன. ஆதலின், தம் மக்களுக்குத் தம் மொழியில் கற்பிக்கும் ஆசிரியர் மரபு ஒன்று அங்கு முன்பே செழித்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மரபு முறிந்த வரலாறும் உண்டு. 1893-இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று விதித்தது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1959-இல் அந்நாட்டின் ஐம்பதாவது மாநிலமாயின. பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். பெற்றோர் தம் மக்களின் நலம் கருதி வீட்டிலும் ஆங்கிலத்தையே பேசத் தொடங்கினர். 1980-களின் தொடக்கத்தில், நீஹாவ் என்னும் சிறு தீவு நீங்கலாக, ஹவாய் மொழியைச் சரளமாகப் பேசும் சிறுவர் ஐம்பதுக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது.

மீட்சியும் தடையும்

1978-இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டது. ஆங்கிலத்துடன் ஹவாய் மொழியும் ஆட்சிமொழியாயிற்று. ஹவாய் மொழி, வரலாறு, பண்பாடு ஆகியவற்றின் கல்வியை மாநிலம் வளர்க்க வேண்டும் என்றும், அதற்கு ஊர் மக்களின் அறிவைத் துணைக் கொள்ள வேண்டும் என்றும் விதி செய்யப்பட்டது. நியூசிலாந்தில் மவோரி மக்கள் நடத்திய மழலையர் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1984-இல் கவாயி தீவின் கெகஹா என்னும் ஊரில் முதல் ஹவாய் மொழி மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. இவ்வகைப் பள்ளிக்குப் ‘பூனானா லெயோ’ என்று பெயர். குரல்களின் கூடு என்பது பொருள். 1986-இல் பழைய சட்டத் தடை நீங்கியது. 1987-இல் அரசினர் பள்ளிகள் இரண்டில் ஹவாய் மொழிவழி வகுப்புகள் தொடங்கின. அவ்வழியே பயின்ற முதல் மாணவர்கள் 1999-இல் உயர்நிலைக் கல்வியை முடித்து வெளிவந்தனர்.

இவ்வளவு நிகழ்ந்த பின்னும் ஒரு குறை தீரவில்லை. லானாய் என்னும் சிறு தீவில் ஹவாய் மொழிவழிக் கல்வி கிட்டாத நிலை ஏற்பட்டது. சட்டம் இருந்தது, கற்க விரும்பிய குழந்தைகளும் இருந்தனர், அங்கு வந்து கற்பிக்கத்தக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. வழக்கு மாநிலத் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய கல்வி கிட்டுவதற்கு இயன்ற முயற்சிகள் அனைத்தையும் எடுத்தல் மாநிலத்தின் கடமை என்று 2019-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களின் உரிமையை நிலைநாட்டிய தீர்ப்பு அது. எனினும், தீர்ப்பின் ஏடு எவ்வளவு வலிமையுடையதாயினும், அதனால் ஓர் ஆசிரியரை ஆக்க இயலாது. ஆசிரியர் பயிற்சி பற்றிய வினா இங்கேதான் எழுகின்றது.

ஆசிரியர் என்னும் சொல்

ஹவாய் மொழியில் ஆசிரியருக்குக் ‘குமு’ என்று பெயர். மரத்தின் அடிப்பகுதிக்கும், ஒன்றின் மூலத்துக்கும் அச்சொல்லே வழங்குகிறது. கற்றல், கற்பித்தல் ஆகிய இரண்டுக்கும் அம்மொழியில் ‘அஓ’ என்னும் ஒரே சொல் உண்டு. பின்வரும் சிறு சொல்லைக் கொண்டே அறிவு வெளியே செல்கிறதா, உள்ளே வருகிறதா என்று பொருள் காண்பர். கற்பிப்பவர் கற்றலை நிறுத்திவிட்டவர் அல்லர் என்னும் கருத்து அச்சொல்லிலேயே பொதிந்திருப்பதைக் காண்கிறோம். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டே அங்குள்ள ஆசிரியர் பயிற்சி வகுக்கப்பட்டுள்ளது.

ஹவாய்த் தீவின் ஹீலோ நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் 1997-இல் ஹவாய் மொழிக்கெனத் தனிக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. இளவரசி ரூத் கெயெலிகோலானியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்வம்மையார் ஆங்கிலம் அறிந்திருந்தும், பிறரோடு பேசுங்கால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தம் மொழியிலேயே பேசி வந்தவர். அக்கல்லூரியின் ஆசிரியர் பயிற்சித் திட்டத்துக்குக் ‘கஹுவாவையோலா’ என்று பெயர். பட்டம் பெற்று, ஹவாய் மொழியில் தேர்ச்சியும் உடையவர்களே அதில் சேர்க்கப்படுகின்றனர். முதலில் கோடைக்காலத்தில் முனைப்பான வகுப்புகள். பின்னர் ஹவாய் மொழிவழிப் பள்ளிகளில் ஓராண்டு கற்பிக்கும் பயிற்சி. கணிதமாயினும் அறிவியலாயினும் பயிற்சி ஹவாய் மொழியிலேயே நடைபெறுகிறது. ஒரு மொழியைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது வேறு. அம்மொழியில் உலகத்தையே சொல்லிக் கொடுப்பது வேறு. பின்னதற்கு வேண்டிய ஆற்றல் நெடுநாட் பழக்கத்தால் அன்றி வாராது.

மலை முதல் கடல் வரை

மொழியறிவு மட்டும் போதுமா? போதாது என்பதே அம்மக்களின் விடை. நிலத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘ஆயினா’. உண்ணுதல், ஊட்டுதல் என்னும் பொருளுடைய அடிச்சொல்லோடு சேர்த்து, ‘நமக்கு உணவூட்டுவது’ என்று அதற்குப் பொருள் கூறுவர். மலையுச்சியிலிருந்து கடலின் பவளப்பார் வரை நீளும் நிலப்பகுதியை முன்னோர் ஒரு நிர்வாகப் பிரிவாகக் கொண்டு, ‘அஹுபுவாஅ’ என்று அழைத்தனர். மேலே காடு, இடையே வயலும் குடியிருப்பும், கீழே மீன்குளமும் கடலும் என அவை ஓர் ஆற்றால் பிணைக்கப்பட்டிருந்தன. மேலே மரம் வெட்டினால் கீழே மீன் குறையும் என்பதைக் குழந்தையும் கண்கூடாக அறியும். புவியியல், உயிரியல், பொருளாதாரம், நீதி ஆகிய நான்கும் அங்கு ஒரே பாடமாக அமைந்துவிடுகின்றன.

அந்நிலத்தின் தலையாய பயிர் ‘கலோ’. நாம் சேப்பங்கிழங்கு என்று அறிந்து உண்பதும் அதுவே. அதை வேகவைத்து இடித்துக் கூழாக்கி உண்பது அவர்தம் மரபு. வானத் தந்தைக்குப் பிறந்து இறந்துபட்ட தலைமகனைப் புதைத்த இடத்தில் முதற் கலோ முளைத்தது என்றும், அடுத்துப் பிறந்த ஹாலோவா என்பவன் மனித குலத்தின் முன்னோன் ஆனான் என்றும் பழங்கதை கூறுகிறது. ஆகவே, கலோச்செடி மனிதனுக்குத் தமையன் முறை. தாய்க்கிழங்கைச் சுற்றி எழும் பக்கக் கன்றுக்கு ‘ஒஹா’ என்று பெயர். குடும்பத்தைக் குறிக்கும் ‘ஒஹானா’ என்னும் சொல் அதனினின்று பிறந்ததென்பர். ‘வாழையடி வாழை’ என்று வழங்கும் நமக்கு இவ்வுறவைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

ஹொனலூலு நகரத்துப் பல்கலைக்கழக வளாகத்தின் அருகே 1980-இல் மாணவர்கள் மண்மூடிக் கிடந்த பழைய பாசன வாய்க்கால் ஒன்றைக் கண்டெடுத்தனர். பெரியோர் துணையுடன் அதைச் செப்பனிட்டு நீர் பாய்ச்சிக் கலோ வயல்களை அமைத்தனர். கானேவை என்னும் பெயருடைய அவ்வயல்கள் இன்றும் பாடம் நடக்கும் இடமாக விளங்குகின்றன. ஆசிரியர்க்கு இவ்வயல் கற்பிப்பது யாது? நீர் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். தேங்கி வெதுவெதுப்பானால் கிழங்கு அழுகும். வயலுக்கு வந்த நீர் மீண்டும் ஆற்றையே சேர வேண்டும். கீழே உள்ளவர்க்கும் பங்கு உண்டு. வாய்க்காலில் ஓர் இலையை மிதக்கவிட்டு அதன் வேகத்தை அளக்கும் மாணவன் கணக்கைக் கற்கிறான். நீரின் வெப்பத்தைக் குறித்து வைக்கும் மாணவி அறிவியலைக் கற்கிறாள். ஹவாய் மொழியில் நீர் ‘வை’ எனப்படும். செல்வம் ‘வைவை’ எனப்படும். இச்சொற்களின் உறவைப் பாடநூலில் காட்டுவதினும், முழங்கால் அளவு சேற்றில் நின்று காட்டுவது எளிதன்றோ?

நீர் பற்றிய பாடம் வரலாற்றிலும் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1916-இல் முடிவுற்ற வையாஹோலே கால்வாய், ஓவாஹு தீவின் ஒருபுறத்து ஆறுகளின் நீரை மலையைக் குடைந்து மறுபுறத்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்றது. அதனால் பழைய கலோ வயல்கள் நீரின்றி வாடின. தோட்டம் 1995-இல் மூடப்பட்டபின் நீர் யாருக்கு என்னும் வழக்கு எழுந்தது. நீர் மக்கள் அனைவருக்காகவும் காக்கப்பட வேண்டிய பொதுச் சொத்து என்னும் கோட்பாட்டை 2000-இல் தலைமை நீதிமன்றம் உறுதிசெய்தது. வயலில் நிற்கும் ஆசிரியர் இச்செய்திகளை அறிந்தவராயின், குடிமையியல் என்பது அவர் மாணவர்க்கு உயிருள்ள பாடமாகும்.

இடம் அறிந்து கற்பித்தல்

அதே தீவின் ஹேயேயா கடற்கரையில் ஒரு பழைய மீன்குளம் உள்ளது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன், இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள கற்சுவரால் கடலின் ஒரு பகுதியை வளைத்து, 88 ஏக்கர் பரப்பில் அதனை அமைத்தனர். சுவரில் மதகுகள் உண்டு. அவற்றின் இடுக்கு வழியே மீன்குஞ்சுகள் உள்ளே வரும். உள்ளே பாசியைத் தின்று பருத்த மடவை முதலிய மீன்கள் வெளியேற இயலா. 1965-இல் வெள்ளம் சுவரை உடைத்தது. குளத்தைப் பேணும் ஊர் அமைப்பினரும் தொண்டர்களும் பள்ளி மாணவரும் கைமாற்றிக் கற்களை அடுக்கி, 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வுடைப்பை அடைத்தனர்.

இக்குளம் ஆசிரியர்க்குத் தரும் பாடங்களுள் ஒன்றை நாம் சிறப்பாகக் கருதலாம். நம் நாட்டுக் கரைகளில் அலையாத்தி மரங்களைக் கரையைக் காக்கும் அரண் என்று போற்றுகிறோம். அது முற்றிலும் உண்மை. ஹவாயிலோ அம்மரங்கள் இயற்கையாக இருந்தவை அல்ல. 1902-இல் மொலோகாயி தீவில் மண்ணரிப்பைத் தடுக்கவென வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டனர். பின்னர் ஹேயேயாவிலும் அவை பரவி, வேர்களால் மீன்குளத்தின் கற்சுவரைப் பெயர்த்தன. வண்டலைத் தேக்கிக் குளத்தைத் தூர்த்தன. ஆகவே, அங்கு அம்மரங்களை வெட்டி அகற்றுவதே மாணவரின் பணியாயிற்று. ஓரிடத்தில் நன்மை செய்வது மற்றோரிடத்தில் தீமையாகலாம். வேறிடத்தில் எழுதிய பாடநூலை மட்டும் நம்பிய ஆசிரியர் இங்கே பிழையான பாடத்தையே சொல்லித் தருவார். தாம் நிற்கும் மண்ணை அறிந்தவரே மெய்யான பாடத்தைச் சொல்ல வல்லவர்.

ஊரே துணை

இவ்வறிவைத் தருவோர் யாவர்? மீனவர், உழவர், பாய் முடைவோர், பாட்டும் மந்திரமும் அறிந்த மூதாட்டிகள் ஆகியோரே. 1978-ஆம் ஆண்டு விதியைப் பின்பற்றி, 1980-இல் மாநிலக் கல்வித்துறை முதியோரைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அழைத்துக் கற்பிக்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. பட்டம் பெறாத பாட்டியார் வகுப்பில் நிற்க, பட்டம் பெற்ற ஆசிரியர் அருகிருந்து கற்றுக்கொண்டார். அறிவனைத்தும் ஒரே பள்ளியில் அடங்கிவிடுவதில்லை என்னும் பொருளுடைய பழமொழி அவர்களிடையே வழங்குகிறது.

ஊராரிடம் செல்வதற்கும் ஒரு முறை உண்டு. வயலுக்கோ குளத்துக்கோ செல்லும் ஆசிரியரும் மாணவரும் எல்லையில் நின்று, உள்ளே வர இசைவு வேண்டி ஓதுவர். அவ்விடத்தைக் காப்போர் மறுமொழி ஓதி வரவேற்பர். தம் பெயரோடு தம் ஊர், மலை, ஆறு ஆகியவற்றையும் கூறித் தம்மை அறிமுகம் செய்துகொள்வர். பின்னர்ப் பணி தொடங்கும். வந்தவர் வேடிக்கை பார்த்துச் செல்லலாகாது. களை பறித்தோ கல் சுமந்தோ அவ்விடத்துக்குப் பயன்பட வேண்டும். ‘குலெயானா’ என்னும் அவர்தம் சொல் உரிமையையும் பொறுப்பையும் ஒருங்கே குறிப்பதாகும்.

2015-இல் மாநிலக் கல்வி வாரியம் இந்நெறியை ஹவாய் மொழிவழிப் பள்ளிகளுக்கு மட்டுமன்றி எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாக்கியது. உறவுணர்வு, பொறுப்பு, மேன்மை, அன்பு, முழுநலம், ஹவாய் மண்ணின் உணர்வு ஆகிய ஆறும் மாணவரிடம் வளர வேண்டும் என்று அதன் கொள்கை கூறுகிறது. அதன் சுருக்கப் பெயர் ‘ஹா’. உயிர்மூச்சு என்பது பொருள்.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஹவாயில் பணிபுரியும் ஆசிரியர் பலர் அம்மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர். கரும்புத் தோட்ட வேலைக்கென 1852 முதல் சீனரும், 1885 முதல் பெருந்தொகையாக ஜப்பானியரும், 1906 முதல் பிலிப்பைன்ஸ் மக்களும் வந்து குடியேறினர். அவர்தம் வழியினரும், பெருநிலத்திலிருந்து வேலைக்கு வருவோரும் இன்று ஆசிரியராயுள்ளனர். வெளியிலிருந்து வந்தோருள் பலர் சில ஆண்டுகளில் திரும்பிவிடுதல் அங்குள்ள நெடுநாட் குறை. ஒரு மாணவனின் ஊரை அறிந்துகொள்ளும் முன்பே ஆசிரியர் புறப்பட்டுவிட்டால் நட்டம் யாருக்கு? ஆதலின், வந்தவர்க்கு அம்மண்ணைக் கற்பித்து, அங்கே வேரூன்றச் செய்வதும் இப்பயிற்சியின் நோக்கமாகும்.

இடர்களும் இல்லாமல் இல்லை. தேர்வும் மணிக்கணக்கும் ஆசிரியரை நெருக்குகின்றன. பேருந்துச் செலவு, மழை, பாதுகாப்பு ஆகியன பற்றிப் பள்ளித் தலைவர் கவலுகின்றனர். விழா நாளில் மலர்மாலை அணிந்து ஓர் ஆடல் ஆடிவிட்டால் பண்பாட்டுக் கல்வி முடிந்தது என்று கருதுவோரும் உண்டு. ஒருமுறை வயலைக் கண்டு திரும்புதல் உல்லாசப் பயணமே ஆகும். நட்ட கலோவை ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்து அறுவடை செய்பவனே அதன் பாடத்தை முழுதும் பெறுகிறான். எல்லாவற்றினும் பெரிய இடர், தாய்மொழியிலேயே பிறந்து வளர்ந்த முதியோர் ஆண்டுதோறும் மறைந்து வருவதாகும். அவர்களிடம் கேட்டறிய வேண்டியதை நாளைக்கு என்று ஒத்திவைக்க இயலாது.

நேயர்களே, தம் மண்ணிலேயே தம் மொழியை இழந்த மக்களின் நிலையும், மண்ணை விட்டு வந்து மொழியைக் காக்க முயலும் நம் நிலையும் ஒன்றல்ல. நமக்குத் தாயகம் உண்டு. அங்கே நம் மொழி தழைத்திருக்கிறது. ஆயினும், அவர்களிடமிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. தமிழ் வகுப்பு நடத்தும் நம் சங்கங்கள் நூலுக்கும் கட்டடத்துக்கும் தேடும் பொருளில் ஒரு பங்கை ஆசிரியரை ஆயத்தம் செய்வதற்குச் செலவிடலாம். நம் வீட்டு மூதாட்டியரின் கதையும் கைத்திறனும் சமையலும் வகுப்பறைக்குள் வர வழி செய்யலாம். இது முதலாவது. நம்மை வாழவைக்கும் ஊரின் ஆறு எங்கே பிறக்கிறது, அங்கு விளைவது யாது, அவ்வூரார் அவற்றை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பவற்றை நம் குழந்தைகள் அவ்வூர்ப் பெரியோரிடமே கேட்டு அறியச் செய்யலாம். இது இரண்டாவது. பாட்டியிடம் தமிழில் கதை கேட்ட குழந்தை, அண்டை வீட்டு முதியவரிடம் அவர் மொழியில் ஆற்றின் பெயரைக் கேட்டு வருமாயின், அக்குழந்தை தன் மொழியையும் இழவாது. தான் வாழும் மண்ணுக்கும் அயலாகாது.